ஈயம் போன பிறகு எஞ்சியது என்ன? இங்கிலாந்தின் கார்ன்வால் மாவட்டமும் அதன் மரபும்

பேராக்கின் கோப்பேங், தெரோனோ ஆகிய ஊர்ப் பெயர்கள் ஒரு காலத்தில் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள ரெட்ரூத் என்ற சிறிய பட்டணத்தில் சர்வசாதாரணமாகப் புழங்கின. கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் எடுத்த பிரிட்டிஷ் நிறுவனங்கள் சில லண்டனில் அல்ல, ரெட்ரூத்தில்தான் தலைமை அலுவலகம் வைத்திருந்தன. கோப்பேங் நிறுவனம் அவற்றில் ஒன்று. தெரோனோ சுரங்க நிறுவனத்துக்கு முதல் திரட்டியதும் அந்த ஊர்க்காரர்கள்தான்.

இந்த ரெட்ரூத் இருக்கும் மாவட்டம் கார்ன்வால். நம் ஊர் லம்பங்களுக்கு முதலும் பொறியாளர்களும் வந்த இடம் என்பதால், அங்குள்ளவர்கள் எல்லோரும் துரைமார்களாக வாழ்ந்திருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. கார்ன்வாலின் வரலாறு பெரும்பாலும் கூலிக்கு மண்ணுக்குள் இறங்கியவர்களின் வரலாறு. தொழில் போய், பிழைப்புத் தேடி உலகமெங்கும் சிதறி, சொந்த மொழியையும் இழந்துவிட்டு, பிறகு அதை ஒவ்வொரு சொல்லாக மீட்டெடுக்கப் பாடுபட்ட மக்கள் அவர்கள்.

மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் ஆறு

இங்கிலாந்தின் வரைபடத்தில் இடப்பக்கம் கீழே, அட்லாண்டிக் பெருங்கடலுக்குள் கால் நீட்டியது போலக் கிடக்கும் நிலம்தான் கார்ன்வால். கிழக்கே டேமர் ஆறு அதை டெவன் மாவட்டத்திலிருந்து பிரிக்கிறது. கி.பி. 936-இல் ஏதெல்ஸ்டன் மன்னர் அந்த ஆற்றை எல்லையாக்கினார் என்பார்கள். இன்றும் எல்லை ஏறக்குறைய அதேதான். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5 லட்சத்து 70 ஆயிரம் பேர் அங்கு வாழ்கிறார்கள். தலைநகர் ட்ரூரோ.

நிர்வாகப்படி இது இங்கிலாந்தின் ஒரு மாவட்டம். ஆனால் அங்குள்ள பலர் தங்களை ஆங்கிலேயர் என்று சொல்லிக்கொள்வதில்லை, கார்னிஷ்காரர் என்றே சொல்கிறார்கள். இவர்கள் வேல்ஸ் மக்களைப் போலக் கெல்டிக் இனத்தவர். 2014-இல் பிரிட்டிஷ் அரசாங்கம் கார்னிஷ் மக்களைத் தேசியச் சிறுபான்மையினராக ஏற்றுக்கொண்டது.

அவர்களுடைய கொடி, கறுப்பு நிறத்தில் வெள்ளைச் சிலுவை. இதற்கும் ஈயமே காரணம். புனித பிரான் என்ற துறவி கறுங்கல் அடுப்பில் தீ மூட்டியபோது கல்லிலிருந்து வெள்ளையாக ஈயம் உருகி ஓடியது என்பது ஐதீகம். மார்ச் 5-ஆம் தேதி அவருடைய திருநாள்.

மன்னரும் மதிப்புக் கொடுத்த தொழில்

கார்ன்வாலில் வெண்கலக் காலத்திலேயே ஈயம் எடுத்தார்கள். தொடக்கத்தில் ஆற்று மணலை அலசித்தான் எடுத்தார்கள். நம் பாட்டிமார் 'டூலாங்' தட்டில் அலசியதன் தொலைதூர உறவு என்று சொல்லலாம். 1201-இல் ஜான் மன்னர் ஈயத் தொழிலாளர்களுக்கென்று தனி உரிமைச் சாசனம் வழங்கினார். அவர்களுக்குத் தனிச் சட்டமும் தனி நீதிமன்றமும் இருந்தன. உருக்கிய ஈயக் கட்டியின் ஒரு மூலையை வெட்டித் தரம் பார்த்து வரி போடுவது வழக்கம். அந்த வரி 1838 வரை நீடித்தது. 1337 முதல் கார்ன்வால் கோமகன் பட்டம் மன்னரின் மூத்த மகனுக்கு உரியது. இப்போது அது இளவரசர் வில்லியமிடம் இருக்கிறது.

மேலே கிடைத்தது தீர்ந்ததும் பாறையைக் குடைந்து கீழே இறங்கினார்கள். இறங்க இறங்கத் தண்ணீர் ஊறியது. கார்ன்வாலின் பெயரை உலகறியச் செய்தது இந்தத் தண்ணீர்ப் பிரச்சினைதான். அதை இறைக்க நீராவி இயந்திரம் தேவைப்பட்டது. நிலக்கரியோ கடல் கடந்து வேல்ஸிலிருந்து வர வேண்டும், விலையும் அதிகம். ஆகவே குறைந்த கரியில் அதிகம் இறைக்கும் இயந்திரம் செய்தே ஆக வேண்டிய கட்டாயம் அங்கிருந்த கொல்லர்களுக்கும் பொறியாளர்களுக்கும் ஏற்பட்டது.

அவர்களில் முதன்மையானவர் ரிச்சர்ட் ட்ரெவிதிக். ரெட்ரூத்துக்கும் கேம்போர்னுக்கும் இடையே 1771-இல் பிறந்தவர். 1801-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, தாம் செய்த நீராவி வண்டியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கேம்போர்ன் மேட்டில் ஓட்டிக் காட்டினார். 1804-இல் வேல்ஸில் தண்டவாளத்தின் மேல் நீராவி ரயில் எஞ்சினை முதன்முதலாக ஓட்டியவரும் அவரே. பள்ளிப் பாடத்தில் நாம் படிப்பது ஜார்ஜ் ஸ்டீவன்சன் பெயரை. ட்ரெவிதிக் அவருக்கு முன்னோடி. 1833-இல் ஏழையாகவே இறந்தார்.

அதே வட்டாரத்தில்தான் வில்லியம் முர்டாக் 1792-இல் தம் ரெட்ரூத் வீட்டில் நிலக்கரி வாயுவால் விளக்கேற்றினார். பாறை வெடிக்கும் வேலையில் ஆட்கள் கைகால் இழப்பதைப் பார்த்த வில்லியம் பிக்ஃபோர்டு, 1831-இல் ஒரே சீராக எரியும் பாதுகாப்புத் திரியைக் கண்டுபிடித்தார். அது உலகச் சுரங்கங்கள் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உலகச் செம்பில் மூன்றில் இரண்டு பங்கு இந்த வட்டாரத்திலிருந்து கிடைத்தது என்று யுனெஸ்கோ குறிப்பிடுகிறது. கடற்கரைக் குன்றுகளில் இன்று கூரையில்லாமல் நிற்கும் கருங்கல் எஞ்சின் கட்டடங்கள் அந்தக் காலத்தவை. அவை ஏன் விழவில்லை என்பதற்கு எளிய காரணம் உண்டு. இயந்திரத்தின் பல டன் எடையுள்ள உத்தரத்தை ஒரே ஒரு சுவர்தான் தாங்கியது. அதனால் அந்தச் சுவரை மற்றவற்றைவிட மிகத் தடிப்பாகக் கட்டினார்கள். இரும்பை எடுத்து விற்றுவிட்டார்கள், கல் நின்றுவிட்டது.

கூலி, கடன், விபத்து

இனி உள்ளே இறங்கியவர்களைப் பார்ப்போம். அங்கு மாதச் சம்பளம் என்பது பெரும்பாலும் கிடையாது. பாறையின் ஒரு பகுதியை ஏலம் விடுவார்கள். சுரங்கத்தின் மேலாளரைக் 'கேப்டன்' என்று அழைப்பது வழக்கம். அவர் இடத்தைச் சொன்னதும் தொழிலாளர்கள் போட்டி போட்டு விலையைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். ஒரு கூழாங்கல்லை மேலே எறிந்து, அது தரையில் விழுமுன் கடைசியாகக் கேட்டவருக்கே வேலை என்று முடிப்பதும் உண்டு. எடுத்த தாதுவின் மதிப்பில் ஒரு பங்கு கூலி. நல்ல தாது கிடைத்தால் அந்த மாதம் கொண்டாட்டம். வெறும் பாறையாக இருந்துவிட்டால், வாங்கிய முன்பணம் கடனாக நிற்கும். மெழுகுவத்தியும் வெடிமருந்தும்கூடத் தொழிலாளர் கணக்கில்தான். கங்காணி காலத்து முன்பணக் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு புதிதாக இருக்காது.

பெண்களும் பிள்ளைகளும் மேலே வேலை செய்தார்கள். சுத்தியலால் தாதுக்கல்லை உடைத்துப் பிரிப்பது அவர்கள் வேலை. இந்தப் பெண்களைப் 'பால் மெய்டன்' என்பார்கள். 'பால்' என்பது சுரங்கத்தைக் குறிக்கும் கார்னிஷ் சொல், 'மெய்டன்' ஆங்கிலம். வெயிலும் கற்சிதறலும் முகத்தில் படாதபடி பெரிய துணித் தொப்பி அணிந்து, வரிசையாக நின்று கல் உடைக்கும் அவர்களின் பழைய புகைப்படங்கள் இன்றும் கிடைக்கின்றன.

தொலைவில் செயிண்ட் ஜஸ்ட் பகுதியில் சுரங்கங்கள் கடலுக்கு அடியிலேயே போயின. அங்குள்ள லெவன்ட் சுரங்கம் கடலடியில் சுமார் ஒரு மைல் தூரம் நீண்டிருந்தது. ஆழத்திலிருந்து ஏணியில் ஏறி வருவது பெரும்பாடு. அதற்கு ஒரு சாதனம் வைத்திருந்தார்கள். படிகள் பொருத்திய நீண்ட மரத் தண்டு ஒன்று மேலும் கீழும் அசையும். ஆள் அதில் ஒரு படியில் கால் வைப்பார். தண்டு மேலே போனதும் பக்கத்துத் திட்டில் இறங்கிக்கொள்வார். தண்டு கீழிறங்கியதும் அடுத்த படியில் ஏறுவார். 1919 அக்டோபர் 20-ஆம் தேதி, வேலை முடிந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் அந்தத் தண்டில் ஏறி வந்துகொண்டிருந்தபோது, உச்சியில் இருந்த இரும்பு இணைப்பு முறிந்தது. 31 பேர் இறந்தார்கள். ஒரே தெருவில் பல வீடுகளில் இழவு விழுந்தது. அந்தத் தண்டை மறுபடி யாரும் பொருத்தவில்லை. 1930-இல் சுரங்கமும் மூடப்பட்டது.

ஊரெல்லாம் கடல் கடந்தது

1866-இல் செம்பு விலை விழுந்தது. கார்ன்வால் மக்கள் கூட்டம் கூட்டமாகக் கப்பல் ஏறினார்கள். 1861-க்கும் 1901-க்கும் இடையில் இரண்டரை லட்சம் பேர் வெளியேறியிருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்களின் மதிப்பீடு. தென் ஆஸ்திரேலியாவின் மூண்டா, மெக்சிகோவின் ரியல் டெல் மோண்டே, கலிஃபோர்னியாவின் கிராஸ் வேலி, தென்னாப்பிரிக்காவின் தங்க வயல்கள் என்று பட்டியல் நீளும். உலகில் எங்கே பள்ளம் தோண்டினாலும் அதன் அடியில் ஒரு கார்னிஷ்காரர் இருப்பார் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள்.

இதில் தமிழர் தொடர்பும் உண்டு. 1880 முதல் கோலார் தங்கவயலில் சுரங்கம் நடத்திய ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம், மேற்பார்வைக்குக் கார்ன்வாலில் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தது. அவர்களுக்குக் கீழே ஆழத்தில் இறங்கியவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து போன தமிழர்கள். துரைக்குப் பங்களா, தொழிலாளிக்கு வரிசை வீடு என்ற ஏற்பாடு அங்கும் இருந்தது. அந்தச் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது.

மலாயாவுக்கு வந்த கார்னிஷ்காரர்கள் பெரும்பாலும் பொறியாளர்களும் மேலாளர்களும்தான். 1888-இல் தொடங்கிய கேம்போர்ன் சுரங்கக் கல்லூரி அவர்களைத் தயார்செய்து அனுப்பியது. கார்ன்வால் சுரங்கம் தேய்ந்துகொண்டிருந்த காலத்தில் மலாயா ஈயத்தின் லாபம் ரெட்ரூத்துக்குப் போனது. அதே மலாயா ஈயம், மண்ணுக்கு மிக அருகில் மலிவாகக் கிடைத்ததால், கார்ன்வால் ஈயத்தைச் சந்தையிலிருந்து தள்ளவும் செய்தது. பங்கு வைத்திருந்த ரெட்ரூத் முதலாளிக்கு இதில் நட்டமில்லை. வேலை போனவர் நட்டப்பட்டார்.

ஆண்கள் போன பிறகு பெண்கள் காத்திருந்தார்கள். தென்னாப்பிரிக்கத் தபால் வரும் நாளில்தான் ரெட்ரூத், கேம்போர்ன் கடைத்தெருக்களில் காசு புரளும். தபால் தவறினால் கடைக்காரரிடம் கடன். திரும்பி வந்தவர்கள் பலர் நுரையீரலில் கல்தூசியோடு வந்தார்கள். தென்னாப்பிரிக்காவில் பாறைத் துளைக்கருவி இயக்கிவிட்டு வந்த இளம் வயதினர் அதிக எண்ணிக்கையில் இறப்பதை, ஜே. எஸ். ஹால்டேன் உள்ளிட்டோர் தயாரித்த 1904-ஆம் ஆண்டின் அரசாங்க அறிக்கை எடுத்துக்காட்டியது. ஹால்டேன் அதற்குச் சற்று முன்பே டோல்கோத் சுரங்கத்தில் தொழிலாளர்கள் இரத்தசோகையால் வாடுவதற்குக் கொக்கிப்புழுவே காரணம் என்று கண்டிருந்தார். குளிர்நாட்டில் ஏது கொக்கிப்புழு? சுரங்கத்தின் அடியாழத்தில் வெப்பமும் ஈரமும் இருந்தன. வெப்பநாடுகளுக்குப் போய் வந்தவர்களோடு புழுவும் வந்து சேர்ந்தது. நம் தோட்டத்து லயங்களைப் பிடித்தாட்டிய அதே நோய்தான்.

படகில் கற்ற மொழி

என்னை அதிகம் இழுத்தது கார்ன்வாலின் மொழிக் கதை. அவர்கள் தங்கள் நாட்டைக் 'கெர்னோ' என்றும் மொழியைக் 'கெர்னூவெக்' என்றும் சொல்கிறார்கள். வேல்ஸ் மொழிக்கும் பிரான்சின் பிரெத்தோன் மொழிக்கும் உடன்பிறப்பு அது. தமிழில் சந்தி விதி படித்தவர்களுக்கு அதில் ஒரு சுவை உண்டு. 'மம்' என்றால் அம்மா. முன்னால் 'அன்' என்ற சுட்டு வந்தால் 'அன் வம்' என்று முதலெழுத்தே மாறிவிடும். 'கெர்னோவுக்கு' என்று சொல்ல வேண்டுமானால் ககரம் மெலிந்து ஆங்கில 'ஜி' ஒலியாகும்.

1549-இல் ஆங்கிலத்தில் மட்டுமே வழிபாடு நடக்க வேண்டும் என்று அரசு சட்டம் போட்டது. எங்களில் சிலருக்கு ஆங்கிலமே புரியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டு கார்ன்வால் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சி நசுக்கப்பட்டது, ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். பைபிளும் வழிபாட்டு நூலும் வேல்ஸ் மொழியில் அச்சேறின, கார்னிஷ் மொழியில் வரவில்லை. தேவாலயத்தில் இடமில்லாத மொழிக்கு எழுத்தும் இல்லாமல் போயிற்று. மேற்கு நோக்கி ஒவ்வோர் ஊராகச் சுருங்கியது.

மௌசல் என்ற மீனவ ஊரில் மீன் விற்ற டாலி பென்ட்ரீத் 1777-இல் இறந்தார். தாய்மொழியாக அதைப் பேசிய கடைசி ஆள் அவரே என்று பரவலாகச் சொல்வார்கள். அது முழு உண்மை அல்ல. அதே ஊர் மீனவர் வில்லியம் போடினார் 1776-இல் கார்னிஷிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு கடிதம் எழுதினார். தமக்கு வயது 65 என்றும், சிறுவனாகத் தந்தையோடும் மற்றவர்களோடும் படகில் போனபோது மொழியைக் கற்றதாகவும், வாரக்கணக்கில் படகில் ஓர் ஆங்கிலச் சொல் காதில் விழாது என்றும், இப்போது ஊரில் நாலைந்து கிழவர்களுக்குத்தான் அது தெரியும் என்றும் அதில் சொல்கிறார். ஒரு மொழி எங்கே வாழ்ந்தது, எப்போது நின்றது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைப்பது அரிது.

மொழி போனாலும் ஊர்ப்பெயர்களில் ஒளிந்திருந்தது. 'ட்ரெ' என்றால் குடியிருப்பு, 'போல்' என்றால் குட்டை, 'பென்' என்றால் முனை. ட்ரெவிதிக், பென்ட்ரீத் ஆகிய குடும்பப் பெயர்களையும் கவனியுங்கள். சுரங்கங்களின் பெயருக்கு முன்னால் வரும் 'வீல்' ஆங்கிலச் சக்கரம் அல்ல, வேலைத்தளத்தைக் குறிக்கும் கார்னிஷ் சொல். ரெட்ரூத் என்றால் 'சிவந்த துறை'. அதில் சிவப்பைக் குறிப்பது 'ரெட்' அல்ல, 'ரூத்' என்பதுதான் வேடிக்கை.

1904-இல் ஹென்றி ஜென்னர் கார்னிஷ் மொழிக்கு ஒரு கையேடு வெளியிட்டார். மீட்பு முயற்சி அங்கிருந்து தொடங்கியது. எந்த எழுத்துமுறை சரி என்று ஆர்வலர்களே பல அணிகளாகப் பிரிந்து பல ஆண்டுகள் சண்டையிட்டார்கள். 2008-இல்தான் பொது எழுத்துமுறை ஒன்றுக்கு வந்தார்கள். 2010-இல் யுனெஸ்கோ, அழிந்த மொழி என்ற முத்திரையை நீக்கி, கடுமையான ஆபத்தில் உள்ள மொழி என்று மாற்றியது. 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதிலும் அதைத் தங்கள் முதன்மை மொழி என்று பதிந்தவர்கள் 600 பேருக்கும் குறைவு. மீட்பு என்று பெருமையாகச் சொன்னாலும் எண்ணிக்கை இவ்வளவுதான். பேச ஆள் இருக்கும்போதே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவது எவ்வளவு மலிவு என்று அந்த எண் சொல்கிறது.

ஒரே நாளில் விழுந்த இரண்டு ஊர்கள்

1985 அக்டோபர் 24-ஆம் தேதி. ஈய விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றத்திடம் பணம் தீர்ந்தது. லண்டன் உலோகச் சந்தை ஈய வணிகத்தை நிறுத்தியது. சில மாதங்களில் விலை பாதிக்கும் கீழே போனது. அதன் விளைவு இங்கே பலருக்கு நேரில் தெரியும். கிந்தாவில் லம்பங்கள் ஒவ்வொன்றாக மூடின, ஈயக்கப்பல்கள் குட்டைகளில் நின்றுபோயின. அதே அடி கார்ன்வாலிலும் விழுந்தது. கீவர் சுரங்கம் தட்டுத் தடுமாறி 1990-இல் நின்றது. கடைசியாக எஞ்சிய சவுத் குரோஃப்டி 1998 மார்ச் 6-ஆம் தேதி மூடப்பட்டது. புனித பிரான் திருநாளுக்கு மறுநாள் அது. மீனும் ஈயமும் போனால் கார்ன்வால் இளைஞர்கள் என்ன செய்வார்கள் என்று கேட்கும் ஒரு பாட்டின் வரிகளை யாரோ சுரங்கத்தின் வெளிச்சுவரில் எழுதிவைத்தார்கள்.

அதன் பிறகு கார்ன்வால் செய்த சில காரியங்கள் கவனிக்கத் தக்கவை. கீவர் சுரங்கத்தை இடிக்கவில்லை, 1993-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். தொழிலாளர்கள் உடை மாற்றிய அறை கடைசி நாளில் விட்டுப்போனபடியே இருக்கிறது. முன்னாள் தொழிலாளர்களே வழிகாட்டிகளாக வேலை செய்தார்கள். லெவன்டில் 1840-ஆம் ஆண்டின் நீராவி இயந்திரத்தைப் பழைய இரும்புக்குப் போகாமல் தடுக்க 1935-லேயே ஒரு குழு அமைந்தது. பின்னர் தொண்டர்கள் பல ஆண்டுகள் பாடுபட்டு அதை மறுபடி இயக்கிக் காட்டினார்கள். 2006-இல் கார்ன்வால், மேற்கு டெவன் சுரங்க நிலப்பரப்பு யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. 2019-இல் ரெட்ரூத்தின் பழைய மதுபான ஆலைக் கட்டடத்தில் 'கிரெசன் கெர்னோ' என்ற ஆவணக் காப்பகம் திறந்தது. சுரங்க வரைபடம், கணக்கேடு, குடும்பப் பதிவு என்று 15 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆவணங்கள் அங்குள்ளன.

மரபு காப்பாற்றப்பட்டதால் மக்கள் வாழ்வு சீராகிவிட்டது என்று எழுத முடியாது. கார்ன்வால் நாட்டின் ஏழ்மையான பகுதிகளில் ஒன்றாகவே இருக்கிறது. அழகான கடற்கரை ஊர்களின் வீடுகளை வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறைக்கென்று வாங்கிவிடுகிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகளால் அந்த விலைக்கு வாங்க முடிவதில்லை. 2016-இல் செயிண்ட் ஐவ்ஸ் ஊர்மக்கள் வாக்களித்து, புதிதாகக் கட்டும் வீடுகளை இரண்டாவது வீடாக விற்பதற்குத் தடை கொண்டுவந்தார்கள். பழைய சுரங்கங்களின் நஞ்சும் இன்னும் கிடக்கிறது. 1992 ஜனவரியில் கைவிடப்பட்ட வீல் ஜேன் சுரங்கத்திலிருந்து அமில நீர் பீறிட்டு ஆற்றை ஆரஞ்சு நிறமாக்கியது.

போக நினைப்பவர்களுக்கு: லண்டன் பெடிங்டன் நிலையத்திலிருந்து ரெட்ரூத்துக்கு நேரடி ரயில் உண்டு, ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். 1859-இல் திறந்த ராயல் ஆல்பர்ட் பாலத்தில் டேமர் ஆற்றைக் கடப்பீர்கள். ரெட்ரூத்தில் இறங்கிக் கார்னிஷ் பேஸ்டி வாங்கிச் சாப்பிடலாம். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, டர்னிப் வகைக் கிழங்கு, வெங்காயம் வைத்து ஓரம் மடித்துச் சுட்ட பண்டம் அது, நம் கறிபாப்புக்கு அண்ணன் மாதிரி இருக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர்களுக்குக் காய்கறி வகையும் கிடைக்கும். ஊருக்கு மேற்கே சற்றுத் தூரத்தில் சவுத் குரோஃப்டி. மின்சாதனங்களால் ஈயத்துக்கு மறுபடி கிராக்கி வந்திருப்பதால், சுரங்கத்தை நிறைத்திருக்கும் தண்ணீரை இறைக்கும் வேலை அங்கு 2023-இல் தொடங்கியது.